பொட்டையா, வேணாம்

எல்கடுவ பஸ் நிக்கிற இடத்துல, கடைக்குப் பக்கத்து கானுக்குள்ள அது சுருண்டு படுத்திருந்துச்சு. நவம்பர் மழை. செவலை நிறம், ஆறு மாசம் இருக்கலாம், விலா எலும்பை ஒவ்வொண்ணா எண்ணலாம். கடையில சாயத்தண்ணி குடிச்சிட்டிருந்த ஒரு அண்ணன் எழும்பி வந்து அதோட வாலைத் தூக்கிப் பாத்தாரு. "பொட்டை"ன்னாரு. திரும்பப் போய் கிளாஸை எடுத்துக்கிட்டாரு. அவ்வளவுதான்.

நாய்க்குட்டி தூக்க வர்றவங்க முதல்ல பாக்குறது முகத்தை இல்ல, வாலுக்குக் கீழ. ஆண் குட்டின்னா காவலுக்கு ஆகும், மரக்கறித் தோட்டத்துல பன்னியும் குரங்கும் எறங்காமப் பாத்துக்கும்னு யோசிப்பாங்க. பொட்டைன்னா யோசனையே கிடையாது. அதனாலதான் கோயில் வாசல்லயும், கொழுந்து மடுவத்துக்குப் பின்னாலயும், ரோட்டு வளைவுலயும் கெடக்குற குட்டிகள்ல நான் பாத்தவரைக்கும் பொட்டைதான் கூட. நாம தூக்காம விட்டுட்டு வந்தது எல்லாம் அதுதான்.

அன்னைக்கு நான் தூக்கிட்டு வந்துட்டேன். பெரிய இரக்கக்காரின்னு நினைக்க வேணாம். மழை, பஸ்ஸும் லேட்டு, அது என் செருப்பு மேல தலையை வச்சுப் படுத்துக்கிச்சு. அதுக்குப் பேரு செவத்தின்னு வச்சோம். இந்தக் கட்டுரை செவத்தியை நான் காப்பாத்துன கதை இல்ல. காப்பாத்திட்டேன்னு நினைச்சுக்கிட்டே முதல் ஆறு மாசம் என்ன தப்பெல்லாம் செஞ்சேன்ங்கிற கதை. அதுல இருந்து ஒரு விஷயம் சொல்லணும்: பொட்டை நாய்க்குச் சோறு வைக்கிறதும் சங்கிலி வாங்குறதும் காப்பாத்துறது ஆகாது. கருத்தடை ஒப்பரேஷன் செஞ்சு முடிக்கிற வரைக்கும் அந்த வேலை முடியல. அந்த ஒப்பரேஷனை ஒரு காம்பராக்காரி தன் அம்மாவோட சம்பளத்துல செய்ய வேண்டியிருக்கிறதுதான் நம்ம பிரச்சினை.

சங்கிலி யாரைக் காப்பாத்துது?

எங்க வீடு லயத்துல கடைசிக் காம்பரா. பத்துக்குப் பன்னெண்டு அடி. அதுக்கு முன்னால ஒரு இஸ்தோப்பு. உள்ள அஞ்சு பேர். நாய் உள்ள வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க, அது நியாயமும்கூட. அதனால இஸ்தோப்புல சாக்கு போட்டு, தூணுல சங்கிலி கட்டி, "இனி நீ பத்திரம்"னு சொன்னேன்.

பெப்ரவரியில சாக்குல ரத்தக்கறை பாத்தேன். காயம்னு நினைச்சு மஞ்சள் போட்டேன்! பெரியம்மாதான் (பக்கத்துக் காம்பரா) சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "ஏன்டி பாப்பா, அது வயசுக்கு வந்திருக்கு." அன்னைக்கு ராத்திரியே மூணு ஆண் நாய் வந்துச்சு. அடுத்த நாள் ஏழு. பணிய லயத்துல இருந்து, மேல் டிவிசன்ல இருந்து, யாரும் பாத்தே இல்லாத ஒரு கருப்பு நாய் உட்பட. ராத்திரி முழுக்க சண்டை. லயத்துல ஒருத்தருக்கும் தூக்கம் இல்ல. விடிய அஞ்சு மணிக்கு எழும்பி ரொட்டி தட்டி, பெரட்டுக்கு ஓடுற பொம்பளைங்க அவங்க. வாய்க்கு வந்தபடி ஏசுனாங்க, கல்லெறிஞ்சாங்க, ஒருத்தர் சுடுதண்ணியோட வந்தாரு.

அம்மாவைக் கெஞ்சி ஒரு கிழமை செவத்தியை உள்ள வச்சுக்கிட்டோம். விறகு அடுக்குற மூலையில ஒரு பலகை தடுப்பு. ஒன்பதாம் நாள் ரத்தம் நின்னுச்சு. அப்பாடான்னு திரும்ப இஸ்தோப்புல கட்டினேன்.

நான் செஞ்ச பெரிய தப்பு அதுதான். இத வாசிக்கிறவங்க ஒருத்தராவது அதைச் செய்யாம இருந்தா போதும்னுதான் விளக்கமா சொல்றேன். பொட்டை நாய்க்குச் சூடு வந்தா அது ஏறக்குறைய மூணு கிழமை நீடிக்கும். முதல் ஒன்பது நாள் போல ரத்தம் போகும். ஆண் நாய்கள் வரும், ஆனா அது கிட்ட விடாது, கடிக்க வரும். அதுக்கப்புறம் ரத்தம் வெளிறி நிக்கும். அந்த நேரத்துலதான் அது சினைப்படும், அந்த நேரத்துலதான் அது ஆணை விலக்காது. ரத்தம் நின்னா ஆபத்து முடிஞ்சிருச்சுன்னு நாம நினைக்கிற நாள்தான் ஆபத்து தொடங்குற நாள். நாளுக்கு நாள் வித்தியாசப்படும், அதனால முதல் துளி ரத்தத்துல இருந்து நாலு கிழமை உள்ள வச்சிருக்கிறதுதான் புத்தி.

இன்னொண்ணு, சங்கிலி. கட்டாத நாய் ஓடலாம், ஒளியலாம், திரும்பிக் கடிக்கலாம். கட்டுன நாய்க்கு அந்த மூணும் கிடையாது. வெளியில கட்டுன சங்கிலி வர்ற ஏழு நாய்க்குத்தான் உதவி செய்யுது. நம்ம பக்கம் நக்கிள்ஸ் மலையோட அடிவாரம். சிறுத்தைக்கு நாய் பிடிச்ச சாப்பாடு. ராத்திரி வெளியில கட்டுன நாய் அதுக்கும் ஓட முடியாது. காவலுக்குன்னு நாம கட்டி வைக்கிறோம், ஆனா அதைக் காவல் காக்க யாரும் இல்ல.

சேர்ந்து ஒட்டிக்கிட்டிருக்கிற நாய்களைக் கல்லெறிஞ்சோ, சுடுதண்ணி ஊத்தியோ, இழுத்தோ பிரிக்கிறதை எல்லாருமே பாத்திருப்போம். சின்ன வயசுல அது எங்களுக்கு விளையாட்டு. அது பத்து இருபது நிமிஷத்துல தானா விலகும். இழுத்தா ரெண்டுக்கும் உள்காயம். அதுக்குள்ள நடக்க வேண்டியது நடந்திருக்கும், பிரிக்கிறதால சினை நிக்கப் போறதும் இல்ல. அப்போ அந்தக் கல்லு எதுக்கு? நமக்கு வெட்கம், அதுக்குத் தண்டனை.

ஆறு குட்டி

ரெண்டு மாசம், ஏறக்குறைய அறுபத்து மூணு நாள். சித்திரை வருஷப் பொறப்புக் கிழமையில செவத்தி ஆறு குட்டி போட்டா. ரெண்டு ஆண், நாலு பொட்டை. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறம். ஒரே ஈத்துல குட்டிகளுக்கு வேற வேற அப்பன் இருக்கலாம்னு எனக்கு அப்பதான் தெரியும்.

கண்ணு தொறக்கிறதுக்கு முன்னாலயே ரெண்டு ஆண் குட்டிக்கும் ஆள் சொல்லிட்டாங்க. பொட்டை நாலையும் நான் போன்ல படம் எடுத்துப் போட்டேன். கம்பஸ் குரூப், பழைய ஸ்கூல் குரூப், எல்லாத்துலயும். இதயம் நிறைய வந்துச்சு. "சோ க்யூட்". ஒருத்தரும் கேக்கல. 2018இல் 'பரியேறும் பெருமாள்' வந்தப்போ கருப்பிக்காக அழுதவங்கதான் இவங்க எல்லாம். நானும் அழுதேன். கருப்பியும் பொட்டை நாய்தான். திரையில ஒரு பொட்டை நாய் சாகும்போது நமக்கு எல்லாம் புரியுது. வாசல்ல ஒண்ணு உயிரோட நிக்கும்போது வாலைத் தூக்கிப் பாக்குறோம்.

ஒரு பொட்டையை எங்க சித்தி கூட்டிட்டுப் போனாங்க. மிச்சம் மூணு. ஏழு கிழமையில அதுங்க லயம் முழுக்க ஓடுச்சு. செருப்பு கடிச்சுச்சு, ஒரு வீட்டுக் கோழிக்குஞ்சைக் கொன்னுச்சு. ஜூன் மாசம் ஒரு நாள் நான் டவுனுக்குப் போயிட்டு வர்றப்போ ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டைக் காணோம். செவத்தி வாசல்ல நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தா. அடுத்த நாள் வத்தேகம ரோட்டுல ரெண்டாம் வளைவுல ஒரு வெறும் உரப்பை கெடந்துச்சு. குட்டிங்க இல்ல.

யாரு செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், ஏன்னா அவங்க கெட்டவங்க இல்ல. கோழி வளர்த்து முட்டை வித்துப் புள்ளைக்கு டியூஷன் காசு குடுக்கிற ஆள். அவங்ககிட்ட வேற என்ன வழி இருந்துச்சுன்னு நான் என்னையே கேட்டுப் பாத்தேன். பதில் இல்ல. குட்டியை உரப்பையில போட்டவர் செஞ்சது தப்பு. ஆனா அந்தக் குட்டிகள் பொறக்கக் காரணம், ரத்தம் நின்னதும் நாயை வெளியில கட்டுன நான்.

"எங்களுக்குச் செஞ்சது பத்தாதா?"

ஒப்பரேஷன் செய்யப் போறேன்னு சொன்னதும் லயத்துல மூணு விதமான பேச்சு வந்துச்சு.

முதலாவது, "ஒரு தடவை குட்டி போட்டாத்தான் ஒடம்புக்கு நல்லது." செவத்தி அதையும் போட்டு முடிச்சிட்டா, ஆனாலும் சொல்றேன்: இதுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. உண்மை நேர்மாறு. கருத்தடை செய்யாத பொட்டைகளுக்கு வயசாக வயசாக, சூடு முடிஞ்சு சில கிழமையில கருப்பையில சீழ் பிடிக்கிற வருத்தம் வரும். கவனிக்காட்டி உயிர் போயிடும். முதல் சூட்டுக்கு முன்னாலயோ, அதை அடுத்தோ கருத்தடை செஞ்சா மார்புக் கட்டிக்கான வாய்ப்பு நல்லாவே குறையும். சேரும்போது ஒரு நாயில இருந்து இன்னொரு நாய்க்குத் தொத்துற புற்றுநோய் ஒண்ணும் இருக்கு. கட்டாக்காலி நாய்களோட பின்பக்கத்துல ரத்தம் கசியிற கட்டியா அதைப் பாத்திருப்பீங்க. சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னால ஏதோ ஒரு நாய்க்கு வந்த கட்டியோட உயிரணுக்கள்தான் இன்னைக்கும் உலகம் முழுக்க நாய்க்கு நாய் தாவிக்கிட்டிருக்கு.

ரெண்டாவது, "எதுக்கு ஒப்பரேஷன், ஊசி போட்டா போதுமே." அந்த ஊசி இலங்கையில புதுசில்ல. விசர்நாய்க்கடி ஒழிப்புத் திட்டத்துலயே ஒரு காலத்துல பொட்டை நாய்களுக்கு அதைப் போட்டுக்கிட்டு வந்தாங்க. அது ஹோமோன் ஊசி. திரும்பத் திரும்பப் போடணும், நான் மேல சொன்ன கருப்பைச் சீழ் வருத்தத்துக்கு அதுவே வழி செய்யும். அதனாலதான் இப்ப சத்திரசிகிச்சைக்கு மாறியிருக்கு.

மூணாவது பேச்சு பெரியம்மாவோடது. அதுக்கு எனக்கு உடனே பதில் வரல. பீலியில தண்ணி புடிச்சிக்கிட்டே சொன்னாங்க: "எங்களுக்குச் செஞ்சது பத்தாதுன்னு நாய்க்குமா செய்யப் போறீங்க?"

வெளியூர்ல இருந்து வாசிக்கிறவங்களுக்கு இது புரியாம போகலாம். தோட்டத்துல 'கருத்தடை'ன்னா அது வெறும் மருத்துவச் சொல் இல்ல. 1980களில் அரசாங்கம் கருத்தடைக்குப் பணம் குடுத்துச்சு. நாட்சம்பளத்துல வாழ்ற தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தப் பணம் எவ்வளவு பெருசுன்னு குடுத்தவங்களுக்குத் தெரியும். பிள்ளை பெத்துப் படுத்திருக்கிற வாட்டுல, சரியா விளங்காத மொழியில, கையெழுத்து வாங்குன கதைகள் நம்ம அம்மாக்கள் கிட்ட இருக்கு. தோட்டத்துறையில நிரந்தரக் கருத்தடை செஞ்ச பெண்களோட வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளை விட உயர்வா இருந்ததை அரசோட சுகாதார ஆய்வுகளே காட்டியிருக்கு. நாய்க்குப் போட்ட அந்த ஹோமோன் ஊசிகூட, நம்ம கிளினிக்குல பொம்பளைங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா போடுற அதே வகை மருந்துதான். இதெல்லாம் தெரிஞ்ச ஒரு பொம்பளை 'கருத்தடை' ன்ற சொல்லைக் கேட்டு முகத்தைச் சுளிச்சா, அதை அறியாமைன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ரெண்டு நாள் யோசிச்சிட்டுத்தான் அவங்ககிட்டப் பேசினேன். பொம்பளைங்க விஷயத்துல தப்பு எங்க? ஒப்பரேஷன்ல இல்ல. பிள்ளை வேணுமா வேணாமான்னு சொல்லத் தெரிஞ்ச ஒரு மனுஷியைக் கேக்காம, அல்லது ஏழ்மையை வச்சு வாங்கின சம்மதத்தோட செஞ்சதுல. நாய்கிட்ட அந்தக் கேள்வியைக் கேக்க வழி இல்ல. ஏழு நாய்க்கு நடுவுல சங்கிலியில நின்னதுக்கும் அதோட சம்மதத்தை யாரும் கேக்கல, குட்டியை உரப்பையில போட்டப்பவும் கேக்கல. நாம அதுக்காக ஏற்கனவே எல்லாத்தையும் தீர்மானிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். குறைஞ்ச வலி உள்ளதைத் தீர்மானிப்போமேன்னேன். பெரியம்மா ஒண்ணும் சொல்லல. "அது பத்து நாளைக்கு எழும்பாது, பாத்துக்க"ன்னு மட்டும் சொன்னாங்க. அவங்களுக்கு அது தெரியும்.

பத்து நாள் பேர்

பால் வத்தி, உடம்பு தேறுனதும், அடுத்த சூடு வர்றதுக்குள்ள, ஆகஸ்ட்ல செஞ்சோம். சூட்டு நேரத்துல அந்த இடத்துக்கு ரத்தம் கூட ஓடும், அதனால வைத்தியர்கள் பெரும்பாலும் அது முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் பொறுக்கச் சொல்வாங்க. பஸ்ஸுல நாய் ஏத்த மாட்டாங்க. ஆட்டோ பிடிச்சு வத்தேகம போய், அங்கிருந்து கண்டிப் பக்கம் ஒரு மிருக வைத்தியர்கிட்ட. ஒப்பரேஷன், மருந்து, போக வர ஆட்டோ எல்லாம் சேர்த்து, அம்மா பத்து நாள் மலைக்குப் போய் முழுப் பேர் வாங்கினா வர்ற காசு. 2024 செப்டெம்பர்ல அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபான்னு வர்த்தமானி வந்துச்சே, அந்தக் கணக்குல. கொழுந்து நிறை குறைஞ்சு அரைப்பேர் போட்டா இருபது நாள்.

அம்மா அந்தக் காசைக் குடுக்கும்போது முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிட்டாங்க. எனக்கு இன்னும் அது மறக்கல. நாய் மேல இரக்கம் இருக்கிற யாரும் இதைச் செய்யணும்னு நான் எழுதினா, அது என்னை மாதிரி ஒரு நாள் வேலைக்குப் போகப்போற கம்பஸ் புள்ளை, மலையில நிக்கிற அம்மாக்களுக்குச் சொல்ற புத்திமதியா ஆயிடும். அதை நான் எழுத விரும்பல.

அதுக்கு முன்னால நான் இலவசமா செய்ய வழி தேடினேன். ஒரு அலுவலகத்துல, "தோட்டத்துக்குள்ள எங்க ஆக்கள் வர்றதில்ல, துரைகிட்டக் கேளுங்க"ன்னாங்க. தோட்டத்து ஒபிஸ்ல, "அது அரசாங்கம் செய்ற வேலை"ன்னாங்க. இந்த ரெண்டு வசனத்தையும் நாம ரோட்டுக்கும், தண்ணிக்கும், குப்பைக்கும் கேட்டு வளர்ந்திருக்கோம். இதுக்கு ஒரு சட்ட வரலாறே இருக்கு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை தன் நிதியில் வேலை செய்வதற்குத் தடையாக இருந்தது. நாம வாக்குப் போடலாம், ஆனா சபையோட சேவை லயத்து வாசல் வரைக்கும் வராது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. சட்டம் மாறி வருஷமாச்சு, பழக்கம் மாறல.

நாய் விஷயத்துல சட்டங்கள் இன்னும் பழசு. வெறிநாய்க் கட்டளைச் சட்டம் 1893, நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901, மிருகவதைத் தடைச் சட்டம் 1907. மூணும் வெள்ளைக்காரன் காலத்தது. கட்டாக்காலி நாய்களைக் கொல்றதில்லைங்கிற கொள்கைக்கு அரசாங்கம் 2006இல் வந்தது. அது பெரிய மாற்றம், நல்ல மாற்றம். ஆனா கொல்றதில்லைன்னு முடிவு எடுத்தா, அதுக்குப் பதிலா இன்னொரு வேலையைத் தொடர்ந்து செய்யணும்: ஊசி போடணும், கருத்தடை செய்யணும். அதை டவுன்ல செஞ்சு, தோட்டத்துல செய்யாம விட்டா, கொல்ற வேலை நின்னுடல. அது ஒரு உரப்பையோட ஒரு ஏழையோட கைக்கு மாறுது.

ஊசி நல்லா வேலை செஞ்சதுக்குச் சாட்சி நம்ம நாட்டுலயே இருக்கு. 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தாங்க. இப்ப ஆண்டுக்கு இருபது முப்பதைச் சுற்றி நிக்குது. நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி போட்டதுக்கு அதுல பெரிய பங்கு. நூத்துக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டா நோய் பரவுறது நிக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒவ்வொரு பொட்டையும் குட்டி போட்டுக்கிட்டே இருந்தா, ஊசி போடாத புது நாய்கள் வந்துக்கிட்டே இருக்கும். அந்த எழுபதை எட்டிப் பிடிக்கவே முடியாது. சூட்டு நேரத்துச் சண்டையிலதான் கடி கூட. அதனால பொட்டைக்குச் செய்ற ஒப்பரேஷன் நம்ம புள்ளைங்களைப் பாதுகாக்கிற வேலையும்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில இந்தப் பாடம் படிக்க எவ்வளவு காலம் எடுத்துச்சுன்னு பாருங்க. அங்க புளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே கொல்றதுக்குப் பதிலா கருத்தடையைத் தொடங்கிச்சு. மாநகராட்சி அதை ஏத்துக்க 1996 ஆச்சு. இடையில முப்பது வருஷத்துக்கும் மேல கொன்னுக்கிட்டே இருந்தாங்க, நாய் குறையவும் இல்ல. 2025இல் டெல்லித் தெரு நாய்கள் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன சண்டையில நம்ம ஆக்களும் போன்ல பக்கம் பக்கமா எழுதினாங்க. எங்க லயத்து நாயைப் பத்தி எழுத யாரும் இல்லைன்னுதான் நான் எழுதுறேன்.

ரெண்டே ரெண்டு

ஒரு நாள் சும்மா உக்காந்து எண்ணிப் பாத்தேன். எங்க லயத்துல பன்னெண்டு காம்பரா. ஒன்பது நாய். அதுல பொட்டை ரெண்டே ரெண்டு: செவத்தியும், பெரியம்மா வீட்டு நாயும். வருஷா வருஷம் இந்த லயத்துல பொறக்கிற குட்டி எல்லாம் அந்த ரெண்டுல இருந்துதான். ஒன்பது நாயைப் பிடிக்க வேணாம், ஊரைத் திருத்த வேணாம். ரெண்டு ஒப்பரேஷன். ஒரு லயத்தோட கணக்கு அவ்வளவுதான்.

நாலஞ்சு லயத்துப் பொட்டைகளைச் சேர்த்தா ஒரு நாள் முகாமுக்கு ஆகும். பிள்ளைக் காம்பராவோ, வாசிகசாலையோ, கோயில் மண்டபமோ ஒரு இடம். கண்டிக்குப் பக்கத்துல பேராதனையில மிருக வைத்திய பீடமே இருக்கு. மலையில இருந்து பாத்தா தூரம் இல்ல. இடம் குடுக்க வேண்டியது தோட்டம். கேக்க வேண்டியது பிரதேச சபைகிட்ட, அரச மிருக வைத்தியர்கிட்ட, எழுத்துல. எழுத வேண்டியது நாம. சங்கங்களும் சந்தா வாங்குறவங்களும் சம்பளத்தோட சேர்த்து இதையும் ஒரு வசனமா கேக்கலாம்.

அதுவரைக்கும், ஒரு பொட்டையைத் தூக்கிட்டு வந்துட்டீங்கன்னா, நான் பட்டதுல இருந்து சொல்றேன். முதல்ல விசர் ஊசி, அதை வருஷா வருஷம் போட்டு, அட்டையை பத்திரமா வைங்க. ஆறு மாசத்துக்குக் கிட்ட இருந்தா சூட்டுக்குக் காத்திருக்காம வைத்தியர்கிட்டக் கேளுங்க. சூடு வந்துட்டா நாலு கிழமை கதவுக்கு உள்ள. வெளியில கூட்டிப் போனா கயித்துல, கையில பிடிச்சபடி, பகல்ல. துணி கட்டிவிடுறது தரை அழுக்காகாம இருக்கத்தான், அது சினையைத் தடுக்காது. லயத்து ஆக்கள்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, "இன்னும் ரெண்டு கிழமை பொறுங்க, அதுக்கப்புறம் ஒப்பரேஷன் செஞ்சிடுவேன்"னு. சொன்னா பாதிப் பேர் ஏச மாட்டாங்க. ஒப்பரேஷனுக்கு முந்தின ராத்திரி எப்போ சாப்பாட்டை நிறுத்தணும்னு வைத்தியர்கிட்டக் கேட்டு அதன்படி செய்யுங்க. முடிஞ்சு பத்துப் பதினாலு நாள் காயம் நனையக்கூடாது, நக்கக்கூடாது. செவத்திக்கு என் தம்பியோட பழைய டீசேட்டைப் போட்டு முதுகுல முடிச்சுப் போட்டோம். அந்த டீசேட்டோட அவ இஸ்தோப்புல உக்காந்திருந்ததைப் பாத்துத்தான் லயமே அவகூட ராசி ஆச்சு. ஏசினவங்க எல்லாம் கருவாட்டுத் தலை கொண்டு வந்தாங்க.

இப்ப செவத்தி ராத்திரி அவுத்துவிட்டபடி இஸ்தோப்புலதான் படுக்கிறா, கதவு சாத்துற சின்னத் தட்டி ஒண்ணு அப்பா அடிச்சுக் குடுத்திருக்காரு. போன சூட்டு மாசத்துல ஒரு நாய்கூட வரல. அவளோட மிச்சம் இருந்த குட்டியும் எங்ககிட்டத்தான். பொட்டைதான். அஞ்சு மாசம் முடியுது.

போன ஞாயிறு பெரியம்மா தண்ணி எடுக்க வந்தவங்க குடத்தை எறக்கி வச்சிட்டு நின்னாங்க. "அந்த டொக்டர் நம்பர் இருக்கா பாப்பா?" ன்னாங்க. குடுத்தேன். அவங்க நாய்க்கும் எங்க குட்டிக்கும் ஒரே ஆட்டோவுல போக அடுத்த மாசம் 12ஆம் திகதி பேசி வச்சிருக்கோம். ஆட்டோக் காசு பாதிப் பாதி.